விருது வாங்கிய படம் எங்கே ஓடுகிறது?

2025 ஆகஸ்ட் 1 அன்று 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். வழக்கம்போல அன்று மாலையே எங்கள் பழைய நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஷாருக் கானுக்கு ஏன் கொடுத்தார்கள், நம்மாளுக்கு ஏன் இல்லை என்ற சுற்று முடிந்ததும் ஒருவர் எழுதினார்: "மராத்திக்காரனைப் பாருங்கப்பா, சத்தமே இல்லாம அள்ளிட்டுப் போறான்." அவர் சொன்னதில் தப்பில்லை. குழந்தை நட்சத்திர விருதை அந்த முறை ஐந்து பேருக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். அதில் நான்கு பேர் மராத்திப் படங்களில் நடித்த பிள்ளைகள். சிறந்த சிறுவர் படம் 'நாள் 2' (நம்ம நாள் இல்லை, அங்கே அது தொப்புள்கொடி). அறிமுக இயக்குநர் விருது 'ஆத்மபாம்ப்லெட்' எடுத்த ஆஷிஷ் பேண்டேவுக்கு. சிறந்த மராத்திப் படம் 'ஷ்யாம்ச்சி ஆயி'.

நண்பர் அத்தோடு விட்டிருந்தால் நானும் ஒரு கைதட்டல் பொம்மை போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். "அங்க ஆடியன்ஸ் வேற லெவல். நல்ல படம்னா தியேட்டருக்குப் போய்ப் பாப்பாங்க. நம்ம ஊர்ல ஹீரோ இல்லாட்டி யாரு வரா?" என்று அடுத்து ஒன்று போட்டார். பத்துப் பேர் அதற்கு ஆமாம் சாமி போட்டார்கள். வேலை நிமித்தம் புனேவில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். அங்கே பார்த்ததற்கும் இதற்கும் துளியும் ஒட்டவில்லை. குழுவில் நான்கு வரியில் பதில் எழுதப் பார்த்து, முடியாமல்தான் இங்கே வந்தேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது எப்படியும் வரும். இந்தியாவின் சிறந்த படம் என்ற முதல் பரிசை மராத்தி ஐந்து முறை வாங்கியிருக்கிறது: 'ஷ்யாம்ச்சி ஆயி' (இது 1953இல் வந்த பழைய படம்), 'ஷ்வாஸ்', 'தேவூள்', 'கோர்ட்', 'காசவ்'. இதில் 'தேவூள்' பியாரி மொழிப் படம் ஒன்றோடு பரிசைப் பகிர்ந்துகொண்டது. 'கோர்ட்' மராத்தி, இந்தி, குஜராத்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்த படம். தமிழுக்கு மூன்று: 'மறுபக்கம்', 'காஞ்சிவரம்', 'சூரரைப் போற்று'. ஐந்துக்கும் மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் மராத்தியின் ஐந்தில் நான்கு, 2003 முதல் 2016 வரையிலான பதினான்கு வருடப் படங்களுக்குள் வந்தவை. நண்பரின் பொறாமைக்குக் காரணம் அந்தப் பதினான்கு வருடங்கள்தான்.

முதல் பரிசும் ஐம்பது வருட இடைவெளியும்

தேசிய விருது என்று ஒன்றை ஆரம்பித்த வருடத்தில், 1953ஆம் ஆண்டுப் படங்களுக்காக 1954இல் கொடுத்தபோது, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் 'ஷ்யாம்ச்சி ஆயி'க்குத்தான் போனது. அதே வருடம் இந்திப் படமான 'தோ பீகா ஜமீன்' போட்டியில் இருந்தது, அதற்குச் சான்றிதழ்தான். சானே குருஜி 1933இல் நாசிக் சிறையில் இருந்தபோது தன் தாயைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஆச்சார்ய ஆத்ரே படமாக்கியிருந்தார். மராத்தி வீடுகளில் இந்தப் புத்தகத்துக்கு இருக்கும் இடம் சாதாரணமானது இல்லை. நான் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரம்மா, எல்லோரையும் போல நானும் காக்கூ என்றுதான் கூப்பிடுவேன், அதில் வரும் ஒரு கட்டத்தைச் சொல்லிக் காட்டுவார். குளித்துவிட்டு வரும் சிறுவன் ஷ்யாம், ஈரக்காலில் மண் ஒட்டும் என்று தரையில் கால் வைக்க மறுக்கிறான். அம்மா தன் புடவையை விரித்து அவனை நடக்கவிட்டு, பாதத்தில் அழுக்குப் படக்கூடாது என்று இவ்வளவு பார்க்கிறாயே, மனசில் படாமலும் பார்த்துக்கொள் என்கிறாள். காக்கூவுக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் தழுதழுக்கும். எனக்கு அந்தச் சிறுவன்மேல் கொஞ்சம் எரிச்சல்தான் வரும், அதை அவரிடம் சொன்னதில்லை.

அந்தத் தங்கப் பதக்கத்துக்குப் பிறகு அடுத்த முதல் பரிசுக்கு மராத்தி காத்திருந்தது 2003ஆம் ஆண்டு விருதுகள் வரைக்கும். நடுவில் நல்ல படமே வரவில்லை என்று அர்த்தம் இல்லை. ஜப்பார் படேலின் 'சாம்னா', 'சிம்ஹாசன்' எல்லாம் அந்தக் காலத்துப் படங்கள்தான். தாதா கோண்ட்கே இரட்டை அர்த்த வசனங்களோடு ஒன்பது வெள்ளிவிழாப் படங்கள் கொடுத்ததும் அப்போதுதான். ஆனால் ஒரு விஷயத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மராத்தி சினிமாவின் தலைநகரமும் இந்தி சினிமாவின் தலைநகரமும் ஒன்றே. பணம் போடுகிறவர், கேமரா வாடகைக்குக் கொடுக்கிறவர், தியேட்டர்காரர் எல்லோருக்கும் அடுத்த தெருவிலேயே நூறு மடங்கு பெரிய சந்தை இருக்கிறது. மராத்திப் பார்வையாளருக்கும் இந்தி நன்றாகப் புரியும். சென்னையில் ஒரு தமிழ்ப் படத்துக்கு இந்த நிலைமை எப்போதுமே வந்ததில்லை. ஸ்மிதா பாட்டீல் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை இரண்டு முறை வாங்கினார். இரண்டுமே இந்திப் படங்களுக்கு. அதில் ஒன்றான 'பூமிகா', ஹன்சா வாட்கர் என்ற மராத்தி நடிகையின் மராத்திச் சுயசரிதையிலிருந்து எடுக்கப்பட்டது. கதை, நடிகை எல்லாம் மராத்தி, படம் மட்டும் இந்தி. இதற்கு மேல் அந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

'ஷ்வாஸ்' வந்த பிறகு

சந்தீப் சாவந்தின் 'ஷ்வாஸ்' சின்னக் கதை. கொங்கணத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாத்தா பேரனை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார். பையனின் கண்ணில் புற்றுநோய். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் அறுவைச் சிகிச்சை. அதில் பார்வை போய்விடும். அதற்கு முன் தாத்தா பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போய்விடுகிறார், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்க்கட்டும் என்று. அவ்வளவுதான். இந்தப் படம் சிறந்த படமானது, அஷ்வின் சித்தளேவுக்குக் குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது, இந்தியா அதை ஆஸ்கருக்கு அனுப்பியது. அமெரிக்காவில் படத்தைப் போட்டுக் காட்டவும் விளம்பரம் செய்யவும் தயாரிப்பாளர்களிடம் பணம் இல்லாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். விருது வாங்கிய படத்துக்கு உண்டியல் குலுக்க வேண்டியிருந்தது என்பதை நண்பருக்கு நினைவுபடுத்த ஆசை.

அதற்குப் பிறகு வந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். பெரும்பாலும் நட்சத்திரம் இல்லை, செலவு குறைவு, நாடக மேடையிலிருந்து வந்த நடிகர்கள். 'தேவூள்' படத்தை உமேஷ் குல்கர்ணி இயக்கினார். எழுதியவரும் நாயகனாக நடித்தவரும் கிரீஷ் குல்கர்ணி. நடிப்புக்கும் வசனத்துக்கும் சேர்த்து இரண்டு விருது வாங்கினார். மாடு மேய்ப்பவன் ஒருவனுக்குத் தத்தாத்ரேயர் தரிசனம் தந்ததாகச் செய்தி பரவ, கிராமத்தில் கோயில் எழும்பி, கடைகள் எழும்பி, கடைசியில் சாமியைத் தவிர எல்லாம் இருக்கும். 58ஆவது விருதுகளில் சிறந்த நடிகை சரண்யா பொன்வண்ணன் என்று நாம் கொண்டாடினோம். அதைப் பகிர்ந்துகொண்டவர் மிதாலி ஜக்தாப், படம் 'பாபூ பேண்ட் பாஜா'. பேண்டு வாசிக்கிறவரின் மகன் படிக்க ஆசைப்படும் கதை. 'தங்க மீன்கள்' சாதனாவோடு விருதைப் பகிர்ந்த சோம்நாத் அவ்கடே, நாக்ராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யில் பன்றி பிடிக்க விரட்டப்படும் சிறுவனாக நடித்தவன். நம் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இவர்கள் பெயர் இருந்தது. நாம் நம் பெயரை மட்டும் படித்துவிட்டுப் பேப்பரை மடித்தோம்.

சந்தை கைவிட்டதால்தான் இந்தப் படங்கள் இப்படி வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. கோடிகளில் திரும்பி வரும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லாதபோது, எழுதுகிறவன் பாட்டுக்கும் சண்டைக்கும் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. இது ஒரு சுதந்திரம்தான், சந்தேகமில்லை. அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை என்பதை 2017 அக்டோபரில் பார்த்தேன்.

சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தன்கரும் சேர்ந்து இயக்கிய 'காசவ்' அந்த வருடம் ஏப்ரலில் சிறந்த படமாக அறிவிக்கப்பட்டது. இருவரும் புனேக்காரர்கள். தயாரித்தவர்களில் ஒருவரான மோகன் ஆகாஷே நடிகர், அதற்கு மேல் மனநல மருத்துவர். படமும் மனச்சோர்வைப் பற்றியதுதான். தற்கொலைக்கு முயன்ற ஓர் இளைஞனை, தானும் அந்த இருட்டைக் கடந்து வந்த ஒரு பெண் கடற்கரை வீட்டில் தங்கவைக்கிறாள், பக்கத்தில் ஆமை முட்டைகளைக் காப்பவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். சொந்த ஊர்ப் படம், நாட்டிலேயே சிறந்த படம், புனேயில் கொடி கட்டிப் பறக்கும் என்று போனால், எங்கள் பக்கத்து மல்டிபிளெக்ஸில் நாளுக்கு ஒரே காட்சி. அதுவும் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில். வார இறுதி வரட்டும் என்று விட்டேன். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பையன் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் திரையில் ஓடிய இந்திப் படத்துக்கு நல்ல இருக்கை இருக்கிறது என்றான். அடுத்த வாரம் அந்த ஒரு காட்சியும் இல்லை. காக்கூவிடம் சொன்னேன். "பேப்பர்ல படிச்சேன் பாளா (பிள்ளையே)," என்றார். "எங்க ஓடுதுன்னு அதுல போடலையே."

இத்தனைக்கும் அதற்கு இரண்டு வருடம் முன்பே மாநில அரசு இதற்காக ஒரு கூத்து நடத்தியிருந்தது. 2015 ஏப்ரலில் அமைச்சர் வினோத் தாவ்டே, மாலை 6 முதல் 9 வரையிலான காட்சி நேரத்தில் மல்டிபிளெக்ஸ்கள் மராத்திப் படம் போட்டே ஆக வேண்டும் என்று அறிவித்தார். எழுத்தாளர் ஷோபா டே, இனி தியேட்டரில் வடா பாவும் மிசலும்தானா என்று ட்விட்டரில் கிண்டலடித்தார். சிவசேனைக்காரர்கள் வடா பாவும் மிசலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனார்கள். சட்டமன்றத்தில் உரிமை மீறல் பிரச்சினை வரை போனது. கடைசியில் மதியம் 12 முதல் இரவு 9 வரை எப்போதாவது போட்டால் போதும் என்று இறங்கி வந்தார்கள். இந்த அமளிக்கு நடுவில்தான், ஏப்ரல் 17 அன்று, 'கோர்ட்' வெளியானது. நாட்டிலேயே சிறந்த படம் என்று அதை அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மொழியின் மானத்துக்காகச் சண்டை போட்டவர்கள் எத்தனை பேர் அந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள் என்று கேட்கத்தான் ஆசை, கேட்டால் வடா பாவ் வரும்.

'போங்கா'வுக்கு நடந்தது

என் சந்தேகம் ஒரு கோபமாக மாறியது இந்தப் படத்தில்தான். ஷிவாஜி லோடன் பாட்டீல் என்ற இயக்குநரை நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது. சுடுகாட்டில் பிணம் எரிக்கும் குடும்பத்தைப் பற்றி 'தக்' என்று ஒரு படம் எடுத்து, 60ஆவது தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் ஆனவர். அதே படத்துக்கு உஷா ஜாதவ் சிறந்த நடிகை. 2019 ஆகஸ்டில் 66ஆவது விருதுகளை அறிவித்தபோது, சிறந்த மராத்திப் படம் அவருடைய 'போங்கா'. போங்கா என்றால் ஒலிபெருக்கி. ஓர் ஏழை முஸ்லிம் குடும்பம், அதில் ஒரு கைக்குழந்தை. குழந்தைக்கு இருக்கும் நோய்க்குப் பெரிய சத்தம் ஆகாது. வீட்டுக்குப் பக்கத்தில் மசூதி, அதன் ஒலிபெருக்கி. கும்பிடுகிற இடத்தையும் பகைத்துக்கொள்ள முடியாமல் பிள்ளையையும் பறிகொடுக்க முடியாமல் அந்தக் குடும்பம் படும் பாடுதான் படம்.

விருது வந்தது. படம் வரவில்லை. ஒரு வருடம் போனது, கொரோனா வந்தது, தியேட்டர்கள் மூடின, திறந்தன. 2022 ஏப்ரல் 2, மராத்திப் புத்தாண்டான குடீ பாட்வா அன்று மும்பை சிவாஜி பார்க்கில் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனைத் தலைவர் ராஜ் தாக்கரே பேசினார். மசூதி ஒலிபெருக்கிகளை எடுக்காவிட்டால் எதிரே ஒலிபெருக்கி வைத்து ஹனுமான் சாலீசா போடுவோம் என்றார். பிறகு தாணேயில் பேசியபோது மே 3 என்று கெடு வைத்தார். மே 3 ரம்ஜான் பண்டிகை. மகாராஷ்டிரம் முழுக்கப் பதற்றம், எங்கள் தெரு முனையில்கூடப் போலீஸ் வண்டி நின்றது. விருது வாங்கி இரண்டரை வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்த 'போங்கா' அந்த மே 3 அன்று வெளியானது. முன்னின்று வெளியிட்டவர் அமேய் கோப்கர். ராஜ் தாக்கரே கட்சியின் திரைப்படப் பிரிவுத் தலைவர் அவர்.

அந்த வாரம் அலுவலகத்தில் எல்லோரும் 'போங்கா'வைப் பற்றிப் பேசினார்கள். நான் கேட்டவரையில் ஒருவரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அது எந்தக் கட்சியின் படம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் அதனாலேயே பார்க்கப்போவதாகச் சொன்னார், இன்னொருவர் அதனாலேயே பார்க்கமாட்டேன் என்றார். ஒரு குழந்தை, ஒரு தாய், ஒரு தெரு என்று எழுதப்பட்ட கதை, ஊர்வலத்தில் பிடிக்கும் பதாகையாகிவிட்டது. கோப்கர் செய்ததைத் தப்பென்று நான் சொல்லவரவில்லை. அரசியல்வாதி, தன் கணக்குக்கு உதவும் நேரத்தில் உதவும் படத்தை எடுத்துக்கொண்டார். அதை அவர் எடுத்துக்கொள்ளும்படி அங்கே போட்டு வைத்திருந்தது யார்? 2019 ஆகஸ்டிலேயோ அடுத்த மாதமோ இது நாற்பது ஊர்களில் ஓடியிருந்தால், பார்த்தவர்கள் இதைத் தங்கள் அனுபவமாகப் பேசியிருப்பார்கள். அதற்குப் பிறகு எந்தக் கட்சி கையில் எடுத்தாலும் "அந்தப் படம் அப்படிச் சொல்லவில்லையே" என்று சொல்ல ஆட்கள் இருந்திருப்பார்கள். யாரும் பார்க்காத படத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தியாவின் மிக உயர்ந்த சினிமா விருதில் ஒன்றைக் கையில் வைத்திருந்தும் கிடையாது.

இது ஒரே ஒரு படத்தின் துரதிர்ஷ்டம் என்றால் விட்டுவிடலாம். 'சூரரைப் போற்று' சிறந்த படமான 68ஆவது விருதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் படம் விருது வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே ஓடிடியில் வந்து எல்லார் வீட்டுக்குள்ளும் போய்விட்டது. அதே விருதுகளில் சிறந்த மராத்திப் படமான 'கோஷ்டா ஏகா பைத்தணீச்சி', ஒரு பைத்தணிப் பட்டுப்புடவைக்கு ஏங்கும் பெண்ணின் கதை, அறிவிப்பு வந்த பிறகு 2022 டிசம்பரில்தான் தியேட்டருக்கு வந்தது. காரணம், விருதுக்கு அனுப்ப ரிலீஸ் ஆகியிருக்க வேண்டியதில்லை. அந்த வருடம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31க்குள் சென்சார் சான்றிதழ் வாங்கியிருந்தால் போதும். மராத்திப் படங்களை முதலில் மேற்கு மண்டலக் குழு பார்க்கும், தேறியவற்றை மத்தியக் குழு பார்க்கும். ஆக, சில படங்களுக்கு அந்தக் குழுக்கள்தான் முதல் பார்வையாளர்கள்.

அப்படியானால் ரிலீஸ் ஆன படத்துக்கு மட்டும்தான் விருது என்று விதி வைத்துவிடலாமே என்று நண்பர்கள் யாராவது கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். அப்படி ஒரு விதி இருந்திருந்தால், 2017 அக்டோபரில் மட்டுமே தியேட்டரைப் பார்த்த 'காசவ்' அந்த ஏப்ரலில் விருது மேடைப் பக்கமே போயிருக்க முடியாது. விருது இல்லாமல் அந்த ஒரு காட்சியும் கிடைத்திருக்காது. மறுபக்கம், நூறு கோடியைத் தொட்ட முதல் மராத்திப் படமான 'சைராட்'டுக்குத் தேசிய விருதில் கிடைத்தது ரிங்கு ராஜ்குருவுக்கான சிறப்புப் பாராட்டு மட்டும். கூட்டம் தானாக வந்த படத்துக்கு விருது தேவைப்படவில்லை. கூட்டம் வராத படத்துக்கு விருது போதவில்லை. நண்பர் சொன்ன அந்த 'வேற லெவல்' ஆடியன்ஸை நானும் பார்த்தேன், 'சைராட்' பாட்டுக்குத் தியேட்டரில் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க் கூட்டத்துக்கும் அதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதிய தூர்தர்ஷன் ஞாபகம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் வங்காளம், அசாமி, மராத்தி என்று ஏதோ ஒரு மொழியில் விருதுப் படம், கீழே ஆங்கில எழுத்து. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், நானும் தூங்கியிருக்கிறேன். ஆனாலும் வேறு சேனல் இல்லாத புண்ணியத்தில் நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் அந்தப் படம் ஓடியது. இப்போது ஒரு மொழியில் சிறந்த படத்துக்கு ரஜத் கமல் என்ற வெள்ளித் தாமரைப் பதக்கமும் இரண்டு லட்சம் ரூபாயும் கொடுக்கிறார்கள், ஒரு போஸ்டர் செலவுக்கு ஆகும். ஞாயிறு மதியம் போய்விட்டது, அதற்குப் பதில் எதுவும் வரவில்லை.

71ஆவது விருதில் சிறந்த மராத்திப் படமான 'ஷ்யாம்ச்சி ஆயி', அதே சானே குருஜியின் புத்தகத்தை சுஜய் டஹாகே மறுபடி கறுப்பு வெள்ளையில் எடுத்தது. புத்தகம் வீட்டுக்கு வீடு இருப்பதால் இந்தப் படத்துக்கு எப்படியும் ஆள் வந்துவிடும். நான் கவலைப்படுவது பட்டியலில் இருக்கும் மற்றவற்றைப் பற்றி. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று சொந்தமாக ஓர் ஓடிடியே ஆரம்பித்திருக்கிறது. மேடை அரசாங்கத்துடையது, பதக்கமும் அரசாங்கத்துடையது. வெளிவராத படம் ஒன்றுக்கு விருது கொடுக்கும்போது, தயாரிப்பாளருக்கு நியாயமான ஒரு தொகை கொடுத்து ஒளிபரப்பு உரிமையை வாங்கி, எல்லா மொழி வசன எழுத்துகளோடும் அந்த மாதமே அதில் ஏற்றட்டும். விருதுப் பணத்தைவிட அந்தத் தொகை அவருக்கு உதவும். அடுத்த 'போங்கா', ஒரு கட்சிக்காரர் வந்து கைகொடுக்கும்வரை பெட்டியில் கிடக்க வேண்டியதும் இல்லை.